பெட்டிக்குள் குடியேறிய பெட்டி

தசரா முடிந்து இரண்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஜானின் உலைக்குப் பக்கத்தில் இருந்த திரை எழுதுவதை நிறுத்திவிட்டது. சத்தம் ஒன்றுமில்லை, சிவப்பு விளக்கும் எரியவில்லை. சூடு இவ்வளவு என்று காட்டும் எண் மட்டும் அப்படியே நின்றது. எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஜான் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டான். எண்ணுக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருக்க வேண்டிய கோடு ஊரவில்லை என்று அவன் கண்ணில் பட்டபோது, அந்த ஈட்டில் வெந்த கியர்களுக்கு அரைவாசிக் கணக்கு இல்லாமல் போயிருந்தது.

மராட்டி பேசும் ஊரில், போசரித் தொழிற்பேட்டையில், அது நடுத்தரமான ஒரு பட்டறை. மற்ற ஆலைகள் செய்து அனுப்பும் கியர்களை உலையில் வேகவைத்துப் பதமேற்றித் திருப்பி அனுப்புவார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு சூடு இருந்தது என்ற பதிவு இல்லாமல் ஒரு கியர்கூட வாசலைத் தாண்டக் கூடாது. பதிவு இல்லாத கியர் எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் பழைய இரும்புதான்.

முதலாளி போந்த்ரே கெட்டவர் இல்லை. ஆனால் கோபம் வந்துவிட்டால் யார் மேலாவது அதை இறக்கி வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஜான் கான்ட்ராக்ட் ஆள். சனிக்கிழமை வரை வீட்டில் இரு, சனிக்கிழமை காலையில் வந்து கேட் பாஸைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் நடந்த திங்கட்கிழமை சியாமளா பட்டறையில் இல்லை. விஷ்ராந்த்வாடியில் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். அந்தப் பட்டறையில் கணினி என்று எது இருந்தாலும் அது சியாமளாவின் பொறுப்பு. இருபது வருஷமாக அப்படித்தான். அவளுக்குக் கீழே இருப்பவன் தருண், கோயம்புத்தூர்ப் பையன், கெட்டிக்காரன். திங்கட்கிழமை தருண்தான் உலைக்கு ஓடிப்போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்து, நின்றுபோன பதிவு நிரலைத் தன் மேசையிலிருந்தே நிறுத்தி மறுபடி ஓட்டிவிட்டான். கோடு ஊர ஆரம்பித்தது. பிறகு, ஏன் நின்றது என்று பார்ப்பதற்காக அந்தக் கணினியிடம் ஒரு கேள்வி கேட்டான். எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாய் என்று, கணினியை இயக்கும் லினக்ஸிடம் ஒரு சொல்லில் கேட்கலாம். அது சொன்ன பதில்: இன்று மத்தியானத்திலிருந்து.

தருண் அதை உள்ளது உள்ளபடியே போந்த்ரேயிடம் சொன்னான். "சாப்பாட்டு நேரத்துல யாரோ அணைச்சு ஏத்தியிருக்காங்க சார்."

சாப்பாட்டு நேரத்தில் உலைப் பக்கம் இருந்தது ஜான் ஒருவன்தான்.

செவ்வாய்க்கிழமை வந்து இதைக் கேட்டதும் சியாமளா கைப்பையைக்கூட வைக்காமல் கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஜானைப் பட்டறையில் சேர்த்துவிட்டவள் அவள். கட்கியில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவன் அப்பாவும் அவள் அப்பாவும் ஆர்ட்னன்ஸ் பாக்டரியில் ஒரே ஷிப்டில் சைக்கிள் மிதித்தவர்கள். ஆனால் அந்த அவசரத்துக்கு அது மட்டும் காரணமில்லை. அந்தக் கணினி இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், வீடு பார்த்துக் குடியேறுகிற கதைதான்.

உலையின் பதிவு நிரல் ரொம்பப் பழையது. அதை எழுதிக் கொடுத்த கம்பெனியே இப்போது இல்லை. ஒரு பழைய லினக்ஸ் மேல், ஒரு பழைய பெட்டியில் அது பதினெட்டு வருஷம் ஓடியது. பெட்டியின் விசிறி உறும ஆரம்பித்தது, உதிரி கிடைக்கவில்லை. போன வருஷத்துக் கோடையில், புதிதாக ஒரு பெரிய கணினி வாங்கி, அதற்குள் இந்தப் பழையதைக் குடிவைப்பது என்று முடிவாயிற்று. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை பண்ணவைக்கலாம். உள்ளே இருப்பதற்குத் தான் பாவனை என்று தெரியாது.

குடிவைக்க வழிகள் பல. சியாமளா ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விர்ச்சுவல்பாக்ஸ் என்று ஒன்று. நம் மேசைக் கணினியிலேயே ஒரு ஜன்னல் திறந்து உள்ளே இன்னொன்றை ஓட்டலாம். விருந்தாளிக்குக் கூடத்தில் பாய் போடுவது மாதிரி. பரீட்சை பண்ண நல்லது, வருஷக்கணக்கில் குடியிருக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஜென் என்று இன்னொன்று. மனையை வாங்கி அஸ்திவாரத்திலிருந்து அதன் சட்டப்படி கட்ட வேண்டும். பெரிய ஆலைகளுக்குச் சரி, ஒரு உலைக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். மிஞ்சியது இரண்டு: கன்டெய்னர், கேவிஎம்.

அப்போது தருண் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் கன்டெய்னர் கட்சி.

"அக்கா, இது எங்க பி.ஜி. ஹாஸ்டல் மாதிரிங்க்கா," என்றான். "அவங்கவங்களுக்குக் கட்டில், பீரோ எல்லாம் தனி. சமையக்கட்டு மட்டும் பொது. இடம் மிச்சம், சட்டுனு எந்திரிக்கும், சட்டுனு படுக்கும். எதுக்குங்க்கா ஒவ்வொருத்தருக்கும் ஒரு சமையக்கட்டு?"

சமையற்கட்டு என்று அவன் சொன்னது கர்னலை. லினக்ஸின் அடிவயிறு அது. எல்லா வேலையும் அதில்தான் வேகும்.

"உன் பி.ஜி. சமையல்காரன் நாளைக்கே புது அடுப்பு மாத்துவான் பா," என்றாள் சியாமளா. "இந்தக் கிழம் பழைய அடுப்புல மட்டும்தான் சமைக்கும். அது கூட வந்த ஒரு துண்டு நிரல் கர்னலுக்குள்ளயே போய் உக்காரணும். அந்தத் துண்டுக்கு மூல நிரலும் இல்ல, எழுதினவனும் இல்ல. புது அடுப்புல எப்படி வைப்ப?"

"லினக்ஸு பூராத் திறந்த வீடு, இந்த ஒரு ரூமுக்கு மட்டும் பூட்டாக்கா!"

"அதான் வாழ்க்கை. சோடு, விட்டுத் தள்ளு."

தனிச் சமையற்கட்டு, தனிக் கதவு, தனி மீட்டர் உள்ள வீடு கேவிஎம். பழைய பெட்டியை அப்படியே, அதன் பழைய கர்னலோடு, வட்டிலிருந்து வழித்தெடுத்து அதற்குள் வைத்தாள். பதிவு நிரலைக் கையால் ஓட்டிவிட்டாள். ஓடியது. ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் ஒரு சொல் பேசாமல் ஓடியது. நிக்டியில் திறக்கப்போகிற கிளைக்கும் இதே மாதிரி செய்துவிடலாம் என்று போந்த்ரே சொன்னபோது, அவள் வீட்டுக்குப் போகிற வழியில் தனக்குத் தானே ஒரு மாம்பழ மஸ்தானி வாங்கிக் குடித்தாள்.

இப்போது அந்த வீட்டுக்குள் ஏதோ நடந்திருக்கிறது. செவ்வாய், புதன், வியாழன் என்று அவள் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். வெளிப் பெட்டியைக் கேட்டால், உள்ளே குடியிருப்பது தசராவுக்குப் பிறகு அணையவே இல்லை என்றது. உள்பெட்டியைக் கேட்டால், நான் திங்கட்கிழமை மத்தியானம்தான் எழுந்தேன் என்றது. வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், குடித்தனக்காரர் ஒன்று சொல்கிறார். யாரை நம்புவது?

"நான் சொன்ன வழியில போயிருந்தா..." என்று தருண் ஆரம்பித்தான்.

"போயிருந்தா வாசல்லயே நின்னிருப்ப. வேலையப் பாரு."

சொன்ன பிறகு அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்கி பஜாரில் காய் வாங்கிக்கொண்டு வரும்போது, சர்ச் மூலையில் ஜான் எதிரே வந்தான். ஸ்கூட்டரை நிறுத்தினான். சவரம் செய்யாத முகம்.

"நாளிக்கு பாஸ் குடுத்துட்டு வந்துருவேன்க்கா. நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க."

"ஜான், எங்கிட்டயாவது உள்ளதைச் சொல்லு. கை பட்டுச்சா? தெரியாம பட்டிருந்தாலும் பரவால்ல."

"இன்னாக்கா நீங்களும்! அந்தப் பொட்டி மேல நான் பூ வச்சதோட சரி. சாப்புட்டுகினே பாத்துகினுதான் இருந்தேன். நம்பர் அப்புடியே நின்னுகினு இருந்துது. சூடு கரெக்டா கீதுனு நெனச்சேன்."

"நம்பர் நின்னுச்சா? திரையில நம்பர் இருந்துச்சா?"

"இருந்துச்சே. தருண் வர்ற வரைக்கும் இருந்துச்சு."

"பாஸ்வேர்டு கேக்கல?"

"எந்த பாஸ்வேர்டு? எனக்கு யாரு குடுத்தா பாஸ்வேர்டு?"

சியாமளாவின் கையில் இருந்த பையிலிருந்து ஒரு கத்திரிக்காய் உருண்டது. அவள் குனியவில்லை.

கேளுங்கள். அந்தக் கிழட்டு நிரல் தானாக எழுந்திருக்காது. கணினியை அணைத்து ஏற்றினால் திரையில் எண் வராது. கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அதைப் போட்டு, நிரலின் பெயரை அடித்துக் கையால் ஓட்டினால்தான் கோடு ஊரும். இது சியாமளாவுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும். தருண் வந்தபோது பழைய பெட்டி குடிமாற இருந்தது. அதை யாரும் அணைத்து ஏற்றி அவன் பார்த்ததே இல்லை. அணைத்து ஏற்றியது ஜானாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், திரையில் எண் நின்றிருக்க முடியாது. எண் நின்றது என்றால் கணினி அணையவே இல்லை.

அதோடு நிற்கவில்லை அவள் நினைப்பு. அப்படியானால் தசராவுக்கு?

ஒவ்வொரு வருஷமும் தசராவன்று, ஆயுத பூஜை மாதிரி, பட்டறையில் எல்லா இயந்திரத்தையும் நிறுத்துவார்கள். துடைத்து, குங்குமம் வைத்து, ஜெண்டு என்கிற செண்டுமல்லிப் பூமாலை போட்டு, தேங்காய் உடைப்பார்கள். பழைய பெட்டிக்கும் அந்த ஒரு நாள் ஓய்வு உண்டு. பூஜை முடிந்ததும் போந்த்ரேயின் மனைவி ஆப்டா இலையைத் தங்கம் என்று எல்லோர் கையிலும் வைப்பார். சியாமளா அந்த இலையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேரே பழைய பெட்டிக்குப் போய், பாஸ்வேர்டு போட்டு நிரலை ஓட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். பதினெட்டு வருஷம் அப்படித்தான். புதுப் பெட்டி வந்த பிறகு, போன தசராவுக்கும் இந்தத் தசராவுக்கும், அந்த வேலை இல்லாமல் போயிற்று. வெளிப் பெட்டியை அணைத்துப் பூ வைத்து மறுபடி ஏற்றினால், உள்ளே கோடு தானாகவே விட்ட இடத்திலிருந்து ஊர்ந்தது. எவ்வளவு சமத்து என்று அவள் நினைத்தாள். தருணிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள்.

கையால் ஓட்டாமலே கோடு ஊர்ந்தது என்றால், இரண்டு தசராவுக்கும் உள்பெட்டி அணையவே இல்லை.

"அக்கா, கத்திரிக்கா," என்று ஜான் எடுத்துக் கொடுத்தான்.

"ஜான், நாளைக்கு பாஸைக் குடுக்காத. நான் வர்ற வரைக்கும் கேட்லயே நில்லு."

வீட்டுக்குப் போனதும் தருணுக்குப் போன் போட்டு, இரண்டு பேரும் தத்தம் மடிக்கணினியில் உட்கார்ந்தார்கள். உள்பெட்டி தான் எழுந்த நாளையெல்லாம் ஒரு மூலையில் குறித்துவைக்கும். மூன்று நாள் தோண்டியும் பார்க்கத் தோன்றாத அந்த மூலையைச் சியாமளா இப்போது திறந்தாள். கடைசியாக எழுந்தது, போன வருஷக் கோடை, குடியேறிய அன்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இரண்டு தசராவும் அதில் இல்லை.

"படுக்கவே இல்லைங்களா?" என்றான் தருண் போனில்.

"வெளிய இருக்கிறதை அணைச்சா, உள்ள இருக்கிறதை அது அணைக்கல. அப்படியே உறையவச்சு, எடுத்து மடிச்சு வச்சுட்டு, திரும்ப வந்து எழுப்பியிருக்கு. உள்ள இருக்கிறதுக்குத் தான் தூங்கினதே தெரியாது. நிறுவும்போது அந்த செட்டிங் அப்படி வந்துச்சு. நான் மாத்தல."

"அப்ப அந்தக் கர்னல்..." தருண் எங்கேயோ தட்டித் தேடும் சத்தம் கேட்டது. "அக்கா! இந்தப் பழைய கர்னல் உள்ளுக்குள்ள துடிப்பை எண்ணிக்கிட்டே இருக்குமுங்க்கா. அந்த மீட்டர் சின்னது. நிறுத்தாம ஓடினா ஒன்னேகால் வருசத்துக்கு மேல ஒரு நாள் நெறஞ்சு, மறுபடி சைபருக்கு வந்துருது. அதுனாலதான் இப்பத்தான் எந்திரிச்சேன்னு சொல்லியிருக்கு. நம்ம நிரலு அடுத்த நம்பர் பெருசா வரும்னு உக்காந்து காத்திருக்கு. வந்தது சின்ன நம்பர். காத்துக்கிட்டே நின்னுருச்சு."

"பதினெட்டு வருஷம் ஏன் நெறயல?"

இரண்டு பேருக்கும் பதில் ஒரே நேரத்தில் தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் பூ வைக்க அணைத்தார்கள். மீட்டர் நிறைவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு தசராவும் அதைச் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் பூஜை ஒரு மருந்தாக இருந்திருக்கிறது. புது வீட்டில் பூ வெளிக்கதவோடு நின்றுவிட்டது.



"கன்டெய்னரா இருந்தா தசராவுக்கு நெஜமாவே செத்துப் பொழைச்சிருக்கும். மீட்டரும் பெருசு," என்றான் தருண், மெதுவாக, குத்திக்காட்டாமல்.

"ஆமா," என்றாள் சியாமளா.

"ஆனா அந்தத் துண்டு உள்ள போயிருக்காதுங்க்கா. அதுவும் நெசம்." பிறகு, "நான் சாரு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது சொன்னதை அப்படியே நம்பிட்டேன்."

"அது பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுச்சு. போய்த் தூங்கு."

அவளுக்குத் தூக்கம் வரவில்லை. போந்த்ரேக்கு இதெல்லாம் புரியாது. கணினியில் என்னவோ கோளாறு என்று பொதுவாகச் சொன்னால் ஜான் தப்பிப்பான் என்று சொல்ல முடியாது. கோளாறை உண்டாக்கியதே அவன்தான் என்று அவர் நினைப்பார். ஜானை முழுசாக விடுவிக்க வேண்டுமானால், யார் கையால் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் நிக்டி வேலை அவள் கையை விட்டுப் போகலாம். இதை அவள் மறுநாள் காலையில் கட்கியிலிருந்து போசரி போகிற பஸ்ஸிலும் யோசித்தாள். நாசிக் பாட்டா சந்திப்பு வரும்வரை யோசித்தாள். பிறகு யோசிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது.

கேட்டில் ஜான் நின்றான். பாஸ் அவன் கையில் இருந்தது.

போந்த்ரே அவளிடம் இந்தியும் மராட்டியும் கலந்துதான் பேசுவார். "மேடம், கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே, அன்று மத்தியானம் எழுந்தேன் என்று. இதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்?"

சியாமளா உட்காரவில்லை. "சார், ஒரு நிமிஷம் வெளியே வாருங்கள்."

பட்டறை வாசலில், கண்ணாடிக்குப் பின்னால், போந்த்ரேயின் அப்பாவுடைய ஸ்கூட்டர் நிற்கிறது. இந்தப் பட்டறையை அவர் அதில்தான் ஆரம்பித்தார். முதல் கியர் அதன் பின்சீட்டில்தான் வந்தது. தசரா மாலை இன்னும் அதன் கைப்பிடியில் வாடித் தொங்கியது.

"இதன் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது சார்?"

அவர் குனிந்து பார்த்தார். "மூவாயிரத்துச் சொச்சம்."

"அப்படியானால் புது வண்டியா?"

"அரே, என்ன மேடம்! பாபா இதில் மும்பைக்கே எத்தனை தரம் போயிருக்கிறார். மீட்டர் இரண்டு தரம் சுற்றி வந்..." அவர் வாய் பாதியில் நின்றது.

"நம் பெட்டியின் மீட்டரும் அன்று மத்தியானம் சுற்றி வந்தது. யாரும் அணைக்கவில்லை. மீட்டரைப் பார்த்துவிட்டுப் புது வண்டி என்று நாம்தான் சொன்னோம்."

பிறகு மற்றதையும் சொன்னாள். தசராவுக்கு அது உண்மையில் அணையாததை, அணைய வைக்காமல் விட்டவள் தானே என்பதை, சமத்து என்று தான் பெருமைப்பட்டதை. தருண் பின்னால் வந்து நின்று, "நான்தான் சார் தப்பாச் சொன்னேன்," என்று தன் அரைகுறை இந்தியில் சேர்த்துக்கொண்டான்.

போந்த்ரே ரொம்ப நேரம் ஸ்கூட்டரையே பார்த்தார். கோபத்தை இறக்கி வைக்க எதிரே ஆள் தயாராக நிற்கும்போது, அவருக்கு என்னவோ அதை இறக்க முடியவில்லை.

"கியர்கள் போனது போனதுதான்," என்றார் கடைசியில்.

"ஆமாம் சார்."

"நிக்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம்."

"சரி சார்."

"அவனை உள்ளே வரச் சொல்லுங்கள்." இரண்டடி நடந்தவர் திரும்பினார். "உள்ளே இருப்பதற்கு இந்த வருஷம் பூஜை ஆகவில்லை என்றுதானே அர்த்தம்? போன வருஷமும்?"

"ஆகவில்லை."

"அப்புறம் என்ன, இப்போது செய்யுங்கள். உலை காலியாகத்தானே இருக்கிறது."

அந்த செட்டிங்கை சியாமளா முதலில் மாற்றினாள். இனி வெளிப் பெட்டி அணையும்போது உள்ளே இருப்பதை உறையவைக்காது. ஒழுங்காகப் படுக்கச் சொல்லி, அது படுக்கும்வரை காத்திருக்கும். பிறகு உள்பெட்டியை அவளே அணைத்தாள். திரையில் பழைய எழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கி, நின்றுவிட்டேன் என்று சொல்லி, கறுத்தன. அந்தச் சொல்லைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கப்புறம் வெளிப் பெட்டியையும் அணைத்தாள். விசிறி அடங்கியதும் அறையே வேறு மாதிரி இருந்தது.

ஜான் வாசல் கடையில் இரண்டு ஜெண்டுப் பூ வாங்கி வந்திருந்தான். ஒன்றைப் பெட்டி மேல் வைத்தான். இன்னொன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"உள்ள கீற பொட்டிக்கு எங்கக்கா வெக்கிறது?"

"அதுக்குப் பூ வேணாம் ஜான். தூக்கம் போதும்."

தருண் சிரித்தான். சியாமளா பொத்தானை அழுத்தினாள். விசிறி எழுந்தது, உள்ளே கிழமும் எழுந்து, தன் வழக்கப்படி கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. அவள் தருணைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் கையாலேயே அதை அடிக்கச் சொன்னாள். எண் வந்தது. அதன் கீழே ஒரு புள்ளி, பிறகு இன்னொரு புள்ளி.

ஜான் கையில் இருந்த பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஈட்டுக்கு உலை மூடியைத் திறக்கப் போனான். போகிறபோது திரையை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். இந்த முறை எண்ணை அல்ல, ஊர்கிற கோட்டை.